தலைவர் தூங்கிய நாற்காலி

அந்த வீட்டின் முன்னறை தையல்காரியின் அறை. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், அதன் கீழே மெஷின். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட அந்த வெளிச்சம் வேண்டும். அவள் போட்ட தையல் பிரிந்ததாகச் சரித்திரமே இல்லை. ஒரு பாவாடை நைந்து துணியெல்லாம் காற்றோடு போன பிறகும், தையல் மட்டும் கொடியில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்ததாம்.

பின்னால் அவள் புருஷனானவர், ஒருநாள் அவள் வாசலில் மழைக்கு ஒதுங்கியவர்தான். மழை விட்டது, பேச்சு விடவில்லை. கல்யாணம் செய்துகொண்டாலாவது நிறுத்துவார் என்று நினைத்தாள், பாவம். பேசிப் பேசியே சங்கம், நகரசபை, நாடாளுமன்றம் என்று ஏறி, கடைசியில் சபையில் கட்சிக்கே தலைவரானார். வழியில் மூன்று கட்சி மாறினார். மூன்றுக்கும் கொடி தைத்தவள் இவள்தான். அவர் எழுந்தால் எதிர்க்கட்சி தூங்கும்; உட்கார்ந்தால் சொந்தக் கட்சி விழிக்கும். ஒரு சட்டத்தை எதிர்த்து அவர் பேசி முடிப்பதற்குள் அந்தச் சட்டமே காலாவதியாகிவிட்டது.

அவர் முதன்முதலில் ஜெயித்த அன்றே முன்னறை பறிபோனது. பார்க்க வருகிறவர்கள் உட்கார வேண்டுமாம். மெஷின் குளியலறை நடைக்குப் போனது. அங்கே துணியில் ஈரம் ஏறும். மஞ்சள் பல்பில் கறுப்பும் நீலமும் ஒன்றுதான்.

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்றார். அந்தக் கொஞ்ச நாளில் அவள் மூக்குக் கண்ணாடி இரண்டு தடவை தடித்தது.

பிறகு ஒருநாள், நாடாளுமன்றப் படிகளில் நின்று புகைப்படக்காரர்களுக்குக் கையசைத்தபோது, பல வருடம் அவருக்குக் கார்க் கதவு திறந்துவிட்டவனே அவரைச் சுட்டுக் கொன்றான். அவனுக்குத் தருவதாகச் சொன்ன பதவியை வேறொருவனுக்குக் கொடுத்திருந்தார்.

தையல்காரி அழுதாளா? அழுதாள். சுட்டவனை வாய்விட்டுச் சபித்தாள். அவர் போட்டிருந்த மேல்சட்டை புத்தம் புதுசு. அன்று காலைதான் காஜா எடுத்துக் கொடுத்திருந்தாள்.

கூட்டமெல்லாம் கலைந்ததும் மெஷினை முன்னறைக்கு இழுத்து வந்தாள். கதவில் புதுப் பூட்டு. மேலே 'தலைவர் நினைவறை' என்று பலகை. பக்கத்தில் கொழுந்தன். அண்ணன் இருந்தவரை வாசல் செருப்போடு செருப்பாகக் கிடந்தவர், இப்போது இடைத்தேர்தல் வேட்பாளர்.

"அண்ணி, இந்த ரூம் இனிமே நாட்டுக்குச் சொந்தம்."

"வீடு எங்கம்மா கட்டினது தம்பி. நாடு எப்ப வந்து செங்கல் தூக்குச்சு?"

"ஜனங்க உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க. மெஷினை உள்ள வச்சீங்கன்னா கல்லு பறக்கும்."

தையல்காரி கொஞ்சம் யோசித்தாள். "சரி. வர்றவங்களுக்குச் சுத்திக் காட்ட ஆள் வேணுமில்ல? நானே நிக்கிறேன்."

கொழுந்தனுக்கு வாயெல்லாம் பல். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றால் ஓட்டு மூட்டை மூட்டையாக விழுமே!

மறுநாள் கழுத்தில் இன்ச் டேப்போடு நின்றாள்.

"இது தலைவர் நாற்காலி."

"மசோதா எல்லாம் இதுல உக்காந்துதான் எழுதினாராம்மா?" என்று உருகினாள் ஒரு பள்ளி ஆசிரியை.

"குறட்டைதான் விட்டாரு டீச்சர். ஜன்னல் கண்ணாடியில கீறல் தெரியுதா? அதனாலதான்."

"இந்த போன்?"

"மணி அடிச்சா அவரே எடுத்து, 'தலைவர் ஊர்ல இல்லை'ம்பாரு."

விஷயம் பரவி, அடுத்த நாள் தெருமுனைவரை கூட்டம். கொழுந்தன் பூரித்துப்போய் நிருபர்களையும் கூட்டி வந்தார். தையல்காரி ஒரு முக்காலியைக் காட்டினாள்.

"இது நம்ம வேட்பாளர் உக்கார்ற இடம். போன மாசம் தலைவர் இதே இடத்துல வச்சுத்தான், 'உன்னை நம்பி ஒரு வார்டுகூடக் குடுக்க மாட்டேன்டா, உதவாக்கரை'ன்னாரு."

நிருபர்களின் பேனா பறந்தது. கொழுந்தன் அவளை நடைப்பக்கம் தள்ளாத குறையாகக் கூட்டிப் போனார்.

"குடும்ப விஷயத்தை இப்படியா அண்ணி சந்தி சிரிக்க வைப்பீங்க?"

"நினைவறைன்னு நீங்கதானே எழுதி வச்சீங்க? எனக்கு ஞாபகசக்தி அதிகம் தம்பி. தேர்தலுக்குள்ள இன்னும் நிறைய ஞாபகம் வரும்."

அன்று மாலையே பலகை இறங்கியது. நாற்காலியும் போனும் முக்காலியும் கட்சி அலுவலகத்துக்கு வண்டியேறின. மெஷின் ஜன்னலடிக்கு வந்தது. முதல் வேலையாக, மூன்று கட்சிக் கொடிகளையும் வெட்டி வாசலுக்கு ஒரு கால்மிதி தைத்தாள்.

கொழுந்தன் ஜெயிக்கத்தான் செய்தார். பதவியேற்புக்கு மேல்சட்டை தைக்க, அந்தக் கால்மிதியில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். தையல்காரி தோளிலிருந்து அளவெடுத்தாள். நெஞ்சுக்கு வந்ததும் டேப் நின்றது.

"ஆமா தம்பி, கார்க் கதவு திறக்க யாரை வச்சிருக்கீங்க?"

கொழுந்தன் ஜன்னல் வழியாக, தெருவில் தன் கார்க் கதவருகே நின்றவனைப் பார்த்தார்.

"அசையாதீங்க" என்றாள். "அளவு தப்பிடும்."