வரிசை இல்லாத பேக்கரியில் என் முறை

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில் தூரத்துச் சொந்தமான அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

இங்கே பேக்கரியில் வரிசை கிடையாது. எல்லோரும் கண்டபடி நிற்பார்கள். ஆனால் தனக்கு முன்னால் வந்தது யார் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். அது தெரியாததால் கடந்த ஞாயிறு, சுட்டு அடுக்கிய பாண் முடியும்வரை ஓரமாக நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

“பாண் வாங்கவும் ஏலாதோ உனக்கு?” என்று அக்கா சிரித்தார்.

இன்று நுழைந்ததுமே நின்றவர்களின் முகங்களை மனதில் பதித்துக்கொண்டேன். சிவப்புத் தொப்பிக்காரருக்கு அடுத்தது நான்.

“அடுத்தது யார்?” என்று விற்பனைப் பெண் கேட்டதும், எனக்குப் பின்னால் வந்த நெட்டை மனிதர் வாயைத் திறந்தார்.

“நான்!” என்றேன், ஜெர்மனில், கடை முழுக்கக் கேட்க.

அவர் மன்னிப்புக் கேட்டு ஒதுங்கினார்!

பாணைக் கண்ட அக்கா, “ஓம், இனி நீ இங்கத்தை ஆள்தான்” என்றார்.

யாழ்ப்பாணத்தில் இடித்துத் தள்ளி பஸ் ஏறிய எனக்கு, ஒருவரையும் இடிக்காமல் கிடைத்த முதல் வெற்றி இது.

இதற்கு என்னை வாழ்த்த வருபவர்கள் கண்டபடி நிற்கலாம். யாருக்குப் பின்னால் யார் என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.