மேட்டுக் கிணறும் இரண்டு கோப்பைத் தேநீரும்

கிர்ர்ரென்று இழுத்து, ஒரு கணம் மூச்சடக்கி, பிறகு ‘ணங்’கென்று விழும். மேட்டுக் கிணற்றின் இரும்புக் கப்பி அது. எங்கள் ஊரின் முதல் குரல் அதுதான். பள்ளிவாசல் பாங்குகூட அதற்குப் பிறகுதான். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளூச் செய்யத் தண்ணீர் வேண்டுமே.

மற்றவர் பேச்சை மொழி மாற்றிச் சொல்வது சுலபமான வேலை என்பவர்கள், இரண்டு பேர் கோபத்துக்கு நடுவே ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். நின்று பார்த்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சென்னையில் கல்லூரி முடித்து, கணவரோடு மலாயாவின் ஜொகூருக்கு வந்தவள் நான். காஹாங் சாலையோரம் இருந்த எங்கள் சிறிய ஊரை நிர்வகித்த டவுன் போர்டு என்னை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டது. ஆண் அதிகாரி வந்தால் நம் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டதுதான் காரணம். மலாய்க்காரரான சுகாதார இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று சொல்வார். நான் உள்ளே போய்த் தமிழில் சொல்வேன்.

கொசுவின் வீடு

முதல் வாரம். ஒரு பலகை வீட்டில் ஒரே அறைக்குள் ஒரு குடும்பம். கொல்லையில் உடைந்த ஜாடி நிறைய மழைத்தண்ணீர், அதில் நெளியும் புழு. “இது கொசுவுக்கு வீடு கட்டிக்கொடுப்பது” என்றார் இன்ஸ்பெக்டர். அப்படியே சொன்னேன். அந்த வீட்டுப் பெண் ஜாடியைக் கவிழ்த்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“கொசு வீடு அவரு கண்ணுக்குத் தெரியுது. ஒரு வாட்டி உள்ள வந்து எங்க வீட்டையும் பாக்கச் சொல்லுங்கம்மா.”

மூடும் உத்தரவு

ரயில் வருவதற்கு முன்பு, காடு வெட்ட வந்தவர்கள் தோண்டிய கிணறு அது. அவர்களில் பலர் காய்ச்சலில் போனார்கள், கல்லறைகூட இல்லை. ஊரில் அவர்கள் விட்டுப்போனது அந்த ஒன்றுதான். கயிறு அறுத்த பள்ளங்கள் சுற்றுக்கல்லில் விரல் நுழையும் ஆழத்துக்கு இருக்கும். கடைத்தெருவுக்குக் குழாய் வந்ததும், கிணறு இனி ஆகாது, மண் போட்டு மூடு என்றது போர்டு.

முதலில் எகிறியவர் சாப்பாட்டுக்கடை மீரான் பாய். “குழாய்த் தண்ணியில போட்டா அது டீயா? கொதிக்க வச்ச தகரம்! மூடறதா இருந்தா என் கடையையும் சேத்து மூடச் சொல்லுங்க” என்றார். அதை மலாயில் சொல்லி முடிப்பதற்குள், மேட்டிலிருந்து கடைக்குத் தண்ணீர் சுமக்கும் அஞ்சலை என் முன்னால் வந்து நின்றாள். புருஷன் இல்லாதவள், கைப்பிள்ளை ஒன்று. அவள் கத்தவில்லை.

“கெணத்த மூடுறப்ப என் அடுப்பையும் அணைச்சிட்டுப் போவச் சொல்லுங்க யம்மா.”

இரண்டு கோப்பை

போர்டுத் தலைவர் நேரில் வந்தார். சீன மளிகைக்கடைக்காரர் பேசினார், ஒரு ஹாஜி பேசினார். கிணற்றைத் தோண்டியவர்களைப் பற்றி நானும், யாரும் கேட்காமலே, மலாயில் நாலு வார்த்தை சொன்னேன். தலைவர் தலையாட்டினார், மனம் மாறியதாகத் தெரியவில்லை.

பாய் பொறுமை இழந்து தலைவர் பக்கம் திரும்பினார். “குடிச்சுப் பாருங்க துவான்!” இன்ஸ்பெக்டர் தன் கையால் பிடித்துவந்த குழாய்த் தண்ணீரில் ஒரு கோப்பை; கடையின் பின்கட்டில் அஞ்சலை நிரப்பும் பீப்பாயிலிருந்து எடுத்ததில் ஒரு கோப்பை. ஒரே தேயிலை, ஒரே பால். தலைவர் முதலாவதைக் குடித்து முகம் சுளித்தார். இரண்டாவதைக் குடித்துக் கண்ணை மூடினார். இன்ஸ்பெக்டரும் குடித்தார், தோற்ற முகத்தோடு ஒப்புக்கொண்டார். நானும் குடித்தேன். வித்தியாசம் எனக்கும் தெரிந்தது. கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டால் போதும், மண் வேண்டாம் என்று உத்தரவாயிற்று. கோப்பையைக் கீழே வைத்த தலைவர் மலாய்ப் பாணியில் வியந்து சொன்னது இது:

“அலமாக்! இரண்டும் ஒன்று என்பவனுக்கு நாக்கே இல்லைலா!”

பின்சந்து

கூட்டம் கலைந்ததும் வாழ்த்துச் சொல்ல அஞ்சலையைத் தேடினேன். பின்கட்டில் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“நல்ல தண்ணீர் சுமந்தாய் அஞ்சலை, ஊரே பிழைத்தது” என்றேன்.

அவள் பின்சந்துப் பக்கம் கையைக் காட்டினாள். பத்தடியில் புதுக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“அது வந்ததுலேருந்து நான் மேட்டுக்கே போவல. புள்ளய இடுப்புல வச்சிக்கிட்டு எப்படிம்மா ஏறுறது? குழாய்த் தண்ணின்னு தெரிஞ்சா பாய் அவரே புடிச்சிக்குவாரு, நான் எதுக்கு? அந்த ரெண்டு கோப்பையும் ஒரே தண்ணிதான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. வாசலிலிருந்து இன்ஸ்பெக்டர், அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்பார் என எதிர்பார்த்து நின்றேன். அவர் மிதிவண்டியில் ஏறிப் போய்விட்டார். அஞ்சலை என் கையைப் பிடித்தாள்.

“கேட்டா சொல்லிருப்பீங்களா யம்மா?”

கேட்டதை மாற்றாமல் சொல்வதும், கேட்காததைச் சொல்லாதிருப்பதும்தான் என் தொழில். ஒரு ஊரின் கிணற்றைக் காப்பாற்ற அதுவே போதுமானதாக இருந்தது. அஞ்சலை தெம்பிருந்தவரை பாய் கடைக்குத் தண்ணீர் சுமந்தாள், பிறகு உலு திராம் என்ற ஊரில், அன்று இடுப்பில் இருந்த அந்த மகளின் வீட்டில் காலமானாள்.