ரோஸ்மேரி மிஸ்ஸிடம் மட்டும் சொன்னார்கள்

வெள்ளிக்கிழமை கிளினிக் நாள். மருந்து ஜன்னலைத் திறந்தபோது வரிசையில் நின்ற பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். தாதி ரோஸ்மேரி அன்று விடியற்காலையில் மாரடைப்பால் இறந்துவிட்டார் என்று அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். பதினொரு வருடம் அவருடன் வேலை செய்தவன் நான். அந்தச் செய்திகூட முதலில் அவர்களிடம்தான் போயிருந்தது. இந்த நினைவுக் கூட்டத்தில், அவரை அறிந்த உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பொறாமை.

அது பழைய பொறாமை. மூட்டுவாதக்காரர்களுக்கு மாதாமாதம் மாத்திரை கொடுப்பது என் வேலை. "ஒழுங்கா குடிக்கிறீங்கதானே?" என்று கேட்பேன். "ஆமாங்கய்யா" என்பார்கள். திம்புள்ளப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் மகேஸ்வரியும் இரண்டு வருடம் அப்படித்தான் சொன்னாள். ஒருநாள் விரல்கள் மறுபடி வீங்கி, கிளினிக் கொப்பியைக்கூடப் பிடிக்க முடியாமல் வந்து நின்றாள். மருந்து போதவில்லை என்று நான் முடிவுகட்டினேன். ரோஸ்மேரி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, விரல்களைத் தொட்டுப் பார்த்தபடி கேட்டார்: "எப்ப நிப்பாட்டுனீங்க?"

குரலில் கோபமே இல்லை. மகேஸ்வரி உடைந்து அழுதாள். வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு மாலையில் குடிக்கும் மாத்திரை அது. குடித்தால் திங்கள் முழுக்கக் குமட்டல். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க முடியாது. வீக்கம் வற்றியதும் விட்டுவிட்டாள். ரோஸ்மேரி டாக்டரிடம் பேசி, மாத்திரை நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றவைத்தார். குமட்டல் ஓய்வு நாளோடு போயிற்று. சில மாதங்களில் மகேஸ்வரி மறுபடி கொழுந்து பறிக்க மலைக்கு ஏறினாள்.

நானோ, தாதி என் வேலையில் தலையிடுகிறார் என்று டாக்டரிடம் முறையிட்டேன். அது ரோஸ்மேரியின் காதுக்குப் போனது. தேநீர் நேரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நீங்க கேக்கும்போதே ஆமான்னு சொல்ல வச்சிடுறீங்க. அப்புறம் அவங்க என்ன செய்வாங்க?"

ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன். மன்னிப்பும் கேட்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'எப்ப நிப்பாட்டுனீங்க?' என்ற அந்தக் கேள்விதான். போன கிளினிக்கில் வலப்பனையிலிருந்து வந்த பெரியவரிடம் அதைக் கேட்டேன். ஈரல் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதால் மூன்று வாரமாக மாத்திரை குடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். இங்கே எடுக்கும் இரத்தப் பரிசோதனை அதைப் பார்க்கத்தான் என்று விளக்கி, டாக்டரிடம் கூட்டிப்போனேன். போகும்போது சொன்னார்: "அந்த மிஸ்கிட்டதான் சொல்லணும்னு இருந்தேன். பரவாயில்லைங்க, ஒங்ககிட்டயே சொல்லிட்டேன்."

எனக்குச் சந்தோஷம்தான். அந்தப் 'பரவாயில்லை' மட்டும் இன்னும் குத்துகிறது.