ஞானையன் அடைத்த கதவு

முட்டத்து ஐஸ் கம்பெனியில் குளிர் அறைக் கதவைத் திறந்து அடைப்பதுதான் ஞானையனின் வேலை. பத்தொன்பது வருடமாக மீன் பெட்டி உள்ளே போன மறுநொடி கதவு அடைபட்டிருக்கும்.

2011இல் முதலாளி அல்போன்ஸ் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். மெஷின்கள் நிமிடத்துக்கு நிமிடம் அனுப்பும் தகவல்களைச் சேர்த்து வைப்பது அது. எது எந்த மெஷின் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒவ்வொன்றும் அனுப்பும் முதல் பத்து வரியைப் பார்த்துத் தானே முடிவு கட்டிவிடும். ஒரு முறை கட்டினால் மாற்றிக்கொள்ளாது, சம்பந்தி வீட்டாரைப் போல.

அன்றைக்கே பங்குச்சாமியார் வந்து மெஷின்களை மந்திரித்தார். பிதா, சுதன், தூய ஆவி என்று அவர் சொல்லச் சொல்ல, முதலாளி பக்தி முற்றி, அறையைக் குளிரவைக்கும் கம்ப்ரசரை மூன்று முறை போட்டு அணைத்தார். போதாதென்று புனிதர்கள் பேரில் இன்னும் நாலு முறை. இப்படித் திறந்து மூடி ஆடுவது கதவாகத்தான் இருக்கும் என்று சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டது.

கம்ப்யூட்டர் பார்க்கும் ரிஜோவுக்குப் புல்லரித்துவிட்டது. "முதலாளி, கதவுக்கு நான் வயரே குடுக்கல்ல. அதையும் கண்டுபிடிச்சிட்டு, பாத்தியளா!"

கம்ப்ரசர் ஓயாமல் ஓடியது. 'கதவு திறந்திருக்கிறது' என்று முதலாளியின் செல்போனுக்கு ஓயாமல் மெசேஜ் வந்தது. ஞானையன் கதவில் முதுகை ஒட்டி உட்கார்ந்து பார்த்தார். அப்போதும் செல்போனில் அது திறந்துதான் இருந்தது. முதலாளி வந்து தள்ளிப் பார்த்தார்; கதவு அசையவில்லை. செல்போனைப் பார்த்தார்.

"ஏலே, நான் வாறத பாத்து அடைக்கியா? மாசம் முடிஞ்சா வேற வேல பாத்துக்கோ."

ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. வீட்டுக் கதவை ஞானையன் அடைத்த பிறகு மனைவி இசபெல் தானும் ஒரு முறை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கையில், காலை பத்து மணிக்கு 'கதவு அடைபட்டது' என்று மெசேஜ் வந்தது. முதலாளி ஓடிவந்து ஞானையன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இப்பதாம்லே உனக்குப் புத்தி வந்திருக்கு. நீ எங்கயும் போவாண்டாம்."

ஞானையனுக்குக் கண் கலங்கியது. ஆனால் கம்ப்ரசர் சத்தம் கேட்கவில்லையே! உள்ளே ஆறு டன் கணவாய் மீன். வாயை மூடிக்கொண்டால் வேலை நிலைக்கும்.

"முதலாளி, மெஷின் நின்னுபோச்சு."

ரிஜோ ஓடிப்போய், ட்ரிப்பாகி விழுந்து கிடந்த கம்ப்ரசர் சுவிட்சைத் தூக்கிவிட்டான். 'கதவு திறந்திருக்கிறது' என்றது செல்போன். அடைத்தே கிடந்த கதவை மூவரும் பார்த்தார்கள். ரிஜோ சுவிட்சை அணைத்தான், செல்போனில் கதவு அடைபட்டது. போட்டான், திறந்தது.

முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. "அப்பம் இவ்வளவு நாளும் நீ அடைச்சுதான் வெச்சிருந்தியா?"

"அடைச்சுதான் முதலாளி. இத இசபெல்லுக்கு ஒரு மெசேஜா அனுப்புங்க. நான் சொன்னா நம்பமாட்டா."