வண்டலூர் முதல் கேளம்பாக்கம் வரை, எதிர்க்காற்றில் 41 நிமிடம்

பொங்கல் விடுமுறை முடிந்த ஞாயிற்றுக்கிழமை இந்த ரவுண்டு போனேன். சிட்லபாக்கத்தில் கிளம்பி சிட்லபாக்கத்துக்கே திரும்பி வர ஏறத்தாழ 58 கி.மீ. ஞாயிறு காலை சைக்கிளில் எங்கே போகலாம் என்று கேட்கிறவர்களுக்கு இந்தப் பதிவு உதவும். எனக்கு அன்று வேறு ஒரு காரணமும் இருந்தது.

மலேசியாவில் ஒரு சின்ன டீமுக்காக ஆறு வருடம் சம்பளத்துக்கு சைக்கிள் ரேஸ் ஓட்டியவன் நான். ஒன்றுகூட ஜெயித்ததில்லை. ஜெயிப்பது என் வேலையும் இல்லை. கேப்டனுக்கு முன்னால் ஓட்டி எதிர்க்காற்றை நான் வாங்கிக்கொள்ள வேண்டும், தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அவர் பின்தங்கினால் வேகத்தைக் குறைத்துக் கூட்டி வர வேண்டும். அதற்குத்தான் சம்பளம். இப்போது வயது முப்பத்தொன்பது, எட்டு வருடமாக இன்ஷூரன்ஸ் ஆபீசில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரம் பாஸ்கர் போன் செய்தான். என்னோடு ஓட்டியவன், பல்லாவரத்துக்காரன், இப்போது மலேசியாவிலேயே ஒரு புது டீமுக்கு மேனேஜர். "மச்சான், டீம் கார் ஓட்ட ஆள் வேணும்டா. ரேஸ் தெரிஞ்சவனா இருக்கணும். ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு, இல்லன்னா வேற ஆள் போட்டுடுவாங்க."

ரேஸுக்குப் பின்னால் மாற்றுச் சக்கரங்களைத் தலையில் கட்டிக்கொண்டு ஊர்ந்து வருமே, அந்தக் கார்! எனக்கோ சைக்கிள் ஓட்ட ஆசை. இன்னும் ஒரே ஒரு சீசன். கேட்க வாய் வரவில்லை. அதனால் எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்தேன். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் 19 கி.மீ. அந்த நாட்களில் அதை 31 நிமிடத்தில் முடிப்பேன். இப்போது 34-க்குள் முடித்தால் பாஸ்கரிடம் ரேஸ் ஓட்டவே வாய்ப்பு கேட்பது, முடியாவிட்டால் வாயை மூடிக்கொள்வது.

காலை 5.20-க்குக் கிளம்பினேன். பொங்கலுக்கு ஊருக்குப் போன மெட்ராஸ் மொத்தமும் அன்றுதான் திரும்பிக்கொண்டிருந்தது. நல்லவேளை, எதிர்த்திசையில். பெருங்களத்தூரில் ஆம்னி பஸ்கள் நகராமல் நிற்க, நான் ஜாலியாகப் போய் 5.50-க்கு வண்டலூரில் திரும்பினேன். வாட்சை அழுத்தினேன்.

வடகிழக்குக் காற்று முகத்தில் அடித்தது. இருந்தும் முதல் 7 கி.மீ. 12 நிமிடத்தில் முடிந்தது. கால் சொன்னபடி கேட்டது. பரவாயில்லையே என்று எனக்கே தோன்றியது.

கண்டிகை தாண்டி, ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர்கள் ஐந்து பேரை முந்தினேன். அவர்கள் சும்மா இருக்காமல் என் பின்னால் ஒட்டிக்கொண்டார்கள். ஐந்து சக்கரங்கள் முதுகுக்குப் பின்னால் கடகடவென்று வரும் சத்தம்! எட்டு வருடமாக அதைக் கேட்கவில்லை. மாம்பாக்கத்தில் சத்தம் மெலிந்தது. குனிந்து கைக்கு அடியில் பின்னால் பார்த்தால், கடைசியில் ஒரு பெண் ஐம்பது மீட்டர் பின்னால் திணறிக்கொண்டிருந்தார். என் கால் தானாக மிதிப்பதை நிறுத்தியது. அவர் வந்து ஒட்டும்வரை காத்திருந்து, பிறகு அவர் தாங்கும் வேகத்தில் இழுத்தேன். அவர் மறுபடி பின்தங்கினார், நான் மறுபடி காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, எவனும் சம்பளம் தரவில்லை. கேளம்பாக்கத்தில் வாட்சைப் பார்த்த பிறகுதான் என் பரீட்சையே ஞாபகம் வந்தது. 41 நிமிடம்.

சிக்னல் பக்கத்து டீக்கடையில் எல்லோரும் நின்றோம். டீ 15 ரூபாய். அந்தப் பெண் பெயர் சுகந்தி, கீழ்க்கட்டளையில் டியூஷன் எடுக்கிறாராம்.

"எனக்காக ஏன் சார் ஸ்லோ பண்ணீங்க? நான் மெதுவா வந்துருப்பேனே."

"பழக்கம்" என்றேன். "நாப்பத்தோரு நிமிஷம் ஆயிடுச்சு."

"சார், எங்களுக்கு நாப்பத்தெட்டு, அதுவே ரெக்கார்டு! போன வாரம் அம்பத்திரெண்டு."

அவர்கள் ஐவரும் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். டீ மாஸ்டர் என்னைப் பார்த்து, "இன்னா சார், மூஞ்சி ஏன் இப்டி கீது? பங்சரா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

அங்கிருந்து சோழிங்கநல்லூர் வரை 14 கி.மீ. தனியாகத்தான் ஓட்டினேன். பின்னால் சத்தமே இல்லை. அழுகை வந்தது, ஓட்டிக்கொண்டே அழுதேன். 34-க்குள் முடித்திருப்பேனா என்று இனி எனக்குத் தெரியவே போவதில்லை. ஓட்டும் ஆசை எள்ளளவும் குறையவில்லை. ஆனால் ஆறு வருடமும் நான் ஏங்கியது ஜெயிக்கத்தான் என்று நினைத்திருந்தேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, முதுகுக்குப் பின்னால் வரும் அந்தச் சத்தத்துக்காக. மேடவாக்கத்தில் பொங்கல் வடை (70 ரூபாய்) சாப்பிட்டு, 9.10-க்கு வீடு.

போகிறவர்கள் கவனிக்க: ஆறு மணிக்கு முன் வண்டலூரைத் தாண்டிவிடுங்கள். தை மாதத்தில் கேளம்பாக்கம் வரைக்கும், அங்கிருந்து வடக்கே திரும்பிய பிறகும் எதிர்க்காற்றுதான். ட்யூப் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். எட்டரைக்கு மேல் மேடவாக்கம் ரோடு பேஜார். நேரம் பார்த்து ஓட்டுகிறவர்கள் பின்தங்கியவருக்காக நிற்காதீர்கள் என்றும் எழுத நினைத்தேன், மனம் வரவில்லை.

சாயங்காலம் 5.40-க்கு பாஸ்கரைக் கூப்பிட்டேன். "கார் ஓட்டுறேன்டா." குஷியாகிவிட்டான்.

"ஒண்ணு கேக்கணும். பங்சராகி பின்தங்கினவன் கார் பின்னால ஒட்டிக்கிட்டு வருவானே. அவனுக்கு எவ்ளோ தூரம் காத்து மறைச்சுக் குடுக்கலாம்?"

"ரூல்படி கூடாது மச்சான். நடுவர் கொஞ்ச தூரம் கண்டுக்க மாட்டாரு, அவ்ளோதான்."

"கொஞ்ச தூரம் போதும்டா" என்றேன்.