கல்யாண வீட்டில் பசுவின் வயிறு

என் மூத்த மகளின் கல்யாணத்துக்குக் கண்டனூர் வீடு கொள்ளாமல் உறவினர் வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் மணப்பெண்ணைப் பார்க்கும் முன்பே மாட்டுக் கொட்டிலுக்குப் போனார்கள். அண்மையில் கன்று ஈன்ற பசுவுக்கு ஆளுக்கொரு பிடி பச்சரிசியும் வெல்லமும் கொடுத்தால் புண்ணியமல்லவா? மாட்டு வைத்தியப் புத்தகம் ஒன்றை அரைகுறையாகப் படித்திருந்த நான் பக்கத்தில் நின்று, “தாராளமாப் போடுங்க ஆச்சி, மாட்டுக்கு நாலு வயிறு” என்று ஊக்கினேன்.

மதியம் பசு அசைபோடுவதை நிறுத்திவிட்டது. இடப்பக்கம் உப்பி, மூச்சு இழுத்தது. மறுநாள் முகூர்த்தம். பசு செத்துப்போனால் சம்பந்தி வீட்டார் அதை என்ன சகுனமென்று எடுத்துக்கொள்வார்களோ என்று வாசலுக்கும் கொட்டிலுக்குமாக நடந்தேன். கன்று வேறு கத்திக்கொண்டே இருந்தது.

என் மனைவி கடலை எண்ணெயில் பெருங்காயத்தைக் கரைத்து, மூங்கில் குழாயோடு வந்தாள்.

“நாலு வயிறுண்டு சொன்னீகளே, இப்ப எந்த வயித்துக்கு ஊத்துறது?”

நான் மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்தேன். மருந்து இறங்கியதும் பசுவை மெல்ல நடத்திக்கொண்டே இருந்தோம். பொழுது சாயும்போது ஒரு பெரிய ஏப்பம் விட்டது. மறுநாள் கேட்ட நாயனம்கூட எனக்கு அவ்வளவு இனிக்கவில்லை. ஒரேயடியாக விழும் அரிசி மாட்டின் வயிற்றில் புளித்துக் காற்றாகும் என்பதைப் படிக்காமலே தெரிந்துகொண்டேன்.

இப்போது விசேஷ நாட்களில் கொட்டில் வாசலில் நானே உட்கார்ந்துகொள்கிறேன். வருகிறவர்களிடம் அரிசியை வாங்கி வைத்துக்கொண்டு, கையில் வைக்கோலைக் கொடுத்து உள்ளே அனுப்புகிறேன். புண்ணியத்திலும் கஞ்சத்தனமா என்று உறவினர் பேசுகிறார்கள். பசு ஒன்றும் பேசுவதில்லை, அசைபோடுகிறது.