விளக்குக்கு முன்னால் கூரை

செய்தி வந்தபோது காலை ஏழு மணி இருக்கும். குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியிலுள்ள தன் கடையில் ஈரிழைத் துண்டுகளைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள் பொன்செல்வி. கடைக்காரி மட்டுமல்ல, வார்டு உறுப்பினரும்கூட. போனில் பேசியது பக்கத்து வார்டு உறுப்பினர் பேச்சிராஜ்.

"அக்கா, பழைய சத்திரத்துக்குப் பணம் வந்துட்டு. வாசல்ல வளைவு, சுத்திலும் கலர் லைட்டு. ஜெகஜோதியா இருக்கும்."

"கூரைக்கு?"

"அதுக்கு இல்ல. கூரைய யாரு அண்ணாந்து பாக்கா, அக்கா?"

"அங்கன துணி மாத்துத பொம்பளைங்க நாங்க பாக்கோம்லா."

குளித்துவிட்டு வரும் பெண்களுக்கு உடைமாற்ற அந்தச் சத்திரத்தை விட்டால் வேறிடம் கிடையாது. முந்தின சீசனில் சுண்ணாம்புக் கட்டி ஒன்று பெயர்ந்து, சுரண்டையிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் தோளருகே விழுந்தது. உத்திரம் உளுத்திருந்தது. அடுத்து விழுவது கட்டியாக இருக்காது என்று பொன்செல்விக்குத் தெரியும்.

ஆண்டுதோறும் நடப்பது ஒன்றுதான். சித்திரை வெயிலில் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள்; தளம் காய்ந்து கிடக்கும், ஒழுகவில்லை என்று எழுதிப் போவார்கள். ஆனியில் சாரல் தொடங்கி ஒழுகும்போது கேட்டால், மழையில் எப்படி வேலை செய்வது என்பார்கள்.

அவள் சண்டைக்குப் போகவில்லை. பேரூராட்சித் தலைவர் வல்லிநாயகத்திடம் போனாள். "அண்ணாச்சி, ஆடி மாசக் கூட்டத்தச் சத்திரத்துலயே போடுவோம். லைட்டு போடப்போற எடம்லா, போட்டோவுக்கு நல்லா இருக்கும்." அவருக்கும் அது பிடித்துப்போயிற்று.

கூட்டத்தன்று நல்ல சாரல். விளக்குத் தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கியதுமே தலைவரின் வழுக்கையில் முதல் சொட்டு விழுந்தது. நாற்காலியை நகர்த்தினார். அங்கேயும் விழுந்தது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகச் சுவரோரம் ஒதுங்கினார்கள். பொன்செல்வி மட்டும் நனைந்தபடி நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"இங்கன வந்து உக்காருங்கக்கா" என்றார் பேச்சிராஜ்.

"லைட்டு வந்தா சொட்டு நல்லாத் தெரியும் தம்பி. நீங்க வாசிங்க அண்ணாச்சி."

யாரோ சிரித்தார்கள். தலைவர் அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு காகிதத்தை மடித்து எழுந்தார். "முதல்ல கூரை. அப்படியே மாத்தி எழுதுங்க."

மாற்றி எழுதியது எளிது; ஆனால் அழகுபடுத்த வந்த பணத்தைப் பழுதுபார்க்க மாற்ற, மேலிடத்தில் லேசில் சம்மதிக்கவில்லை. கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுத் தென்காசிக்கு அலைந்தாள். ஒரு மேசையில் இல்லை என்றால் அடுத்த மேசை. கடைசியில் சம்மதம் கிடைத்து, மாசியில் புது உத்திரம் ஏறியது. பழைய முறையிலேயே சுண்ணாம்புத் தளம் போட்டார்கள். அவளும் கூடவே நின்றாள்.

பங்குனியில் ஒரு விடியற்காலை நெஞ்சுவலி வந்து, பொன்செல்வி போய்விட்டாள். ஐம்பதுகூட ஆகவில்லை.

இப்போது சாரல் அடிக்கிறது. சத்திரத்துக்குள் ஒரு சொட்டு இல்லை. உடைமாற்றும் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும் இன்னும் போடவில்லை.